ரிக்டர் அளவுகோல் தெரியும்... ஆனா யார் இந்த ரிக்டர்? நிலநடுக்கத்துக்கு எண் கொடுத்தவரின் கதை

உலகத்தில் எங்கே நிலம் குலுங்கினாலும் டிவி திரையில் முதலில் ஓடும் வரி ஒண்ணுதான்: ரிக்டர் அளவுகோலில் இவ்வளவு பதிவு. அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனா ரிக்டர் என்பது ஒரு மெஷினா, ஊரா, ஆளா என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

ரிக்டர் ஒரு மனிதர். முழுப்பெயர் சார்லஸ் பிரான்சிஸ் ரிக்டர். அமெரிக்காவைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர். அவர் இறந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. அவர் உருவாக்கிய கணக்கை பெரிய நிலநடுக்கங்களுக்கு விஞ்ஞானிகள் இப்போது பயன்படுத்துவதே இல்லை. இன்னொரு விஷயம், அந்த எண்ணை மட்டும் பார்த்து பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது என்று சொல்லி வந்தவரும் அவரேதான்.

பிறக்கும்போது ரிக்டர் இல்லை

1900-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி, அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில், ஹாமில்டன் நகருக்கு அருகே உள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். அப்பாவின் குடும்பப் பெயர் கின்சிங்கர். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். அவரை வளர்த்தது அம்மாவின் அப்பா. அந்தத் தாத்தாவின் குடும்பப் பெயர்தான் ரிக்டர். இன்று உலகம் முழுக்கச் சொல்லும் அந்தப் பெயர், ஒரு பேரனுக்குத் தாத்தா வழியில் வந்த பெயர்.

1909-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு அப்போது வானத்தின் மீதுதான் ஆசை. நட்சத்திரங்களைப் பார்ப்பது, அவற்றைப் பற்றிப் படிப்பது. நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதில் அவருக்குப் பெரிய ஆர்வம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1920-ல் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு வாழ்க்கை நேர்க்கோட்டில் போகவில்லை. கடுமையான மனநெருக்கடி ஏற்பட்டு சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து மீண்டு வந்த பிறகு மியூசியத்தில் எடுபிடி வேலை, கிடங்கு வேலை என்று கிடைத்ததைச் செய்தார். பட்டம் வாங்கிய இயற்பியல் மாணவர் இப்படிச் சில ஆண்டுகளை ஓட்டினார்.

அந்தச் சமயத்தில் பாசடேனா நகரில் உள்ள கால்டெக் கல்வி நிறுவனத்தில், நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மில்லிகன் நடத்திய வகுப்புகளைக் கேட்கப் போனார். மறுபடியும் படிப்பின் மீது பிடிப்பு வந்தது. கால்டெக்கிலேயே சேர்ந்து அணுவைப் பற்றிய கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சி செய்தார். 1928-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

தற்செயலாகக் கிடைத்த வேலை

ஆராய்ச்சி முடியும் முன்பே, 1927-ல், மில்லிகன் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். பாசடேனாவில் புதிதாகத் தொடங்கிய நிலநடுக்க ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. அணுவைப் பற்றிப் படித்தவருக்கு இது சம்பந்தமே இல்லாத துறை. இருந்தாலும் வேலை வேண்டும், சேர்ந்துவிட்டார். கொஞ்ச காலத்துக்குத்தான் என்று சேர்ந்த வேலை, அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் தொடர்ந்தது.

அந்த ஆய்வகத்தை நடத்தியவர் ஹாரி வுட். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரை உருக்குலைத்த பெரும் நிலநடுக்கத்தின்போது, எந்தத் தெருவில் எவ்வளவு சேதம் என்று வரைபடம் போட்டவர் அவர். பிறகு ஜான் ஆண்டர்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து, கலிபோர்னியாவின் சின்னச் சின்ன அதிர்வுகளையும் பிடிக்கும் ஒரு சீஸ்மோகிராஃப் கருவியை உருவாக்கினார். சீஸ்மோகிராஃப் என்றால் நில அதிர்வைக் கோடாகப் பதிவு செய்யும் கருவி. தெற்கு கலிபோர்னியாவில் பல இடங்களில் இந்தக் கருவிகள் வைக்கப்பட்டன. அந்தப் பதிவுகளை உட்கார்ந்து அளப்பதுதான் ரிக்டருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

நிலம் ஏன் நடுங்குகிறது?

ரிக்டர் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் இருந்தது.

1906 நிலநடுக்கத்தில் சான் ஆன்ட்ரியாஸ் என்ற நீண்ட நிலப்பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசியபடி நகர்ந்தன. நேராக இருந்த வேலிகள் சில அடி தள்ளி உடைந்து நின்றன. இதை ஆராய்ந்த ஹாரி ரீட் என்ற விஞ்ஞானி ஒரு விளக்கம் கொடுத்தார். பாறைகள் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைகின்றன. உராய்வு அவற்றை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகிறது. வளைத்த மூங்கில் குச்சி விடுபட்டதும் விருட்டென்று நிமிர்வதைப் போல, பாறை சட்டென்று நகர்கிறது. அந்த அசைவு அலைகளாகப் பரவுவதைத்தான் நாம் நிலநடுக்கம் என்கிறோம்.

சரி, பாறையை வளைப்பது எது? அதற்கான முழு விடை 1960-களில்தான் கிடைத்தது. பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நம்ம நகம் வளரும் வேகம்தான். தட்டுகள் உரசும், மோதும், விலகும் இடங்களில்தான் பெரும்பாலான நிலநடுக்கங்கள் வருகின்றன.

பிளவு நகரும் விதத்தை வைத்து இவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பக்கவாட்டில் உரசுவது ஒரு வகை, சான் ஆன்ட்ரியாஸ் அப்படித்தான். நிலம் இழுபட்டு ஒரு பக்கம் கீழே இறங்குவது இரண்டாவது வகை. ஒரு பக்கம் நெருக்கப்பட்டு இன்னொன்றின் மேல் ஏறுவது மூன்றாவது வகை. இமயமலைப் பகுதியிலும் சுமத்ராவுக்கு அருகே கடலுக்கு அடியிலும் வரும் பெரும் நிலநடுக்கங்கள் மூன்றாவது வகை.

இவை தவிர, எரிமலைக்குள் குழம்பு நகர்வதால் வரும் அதிர்வு, சுரங்கம் இடிந்து விழுவதால் வரும் அதிர்வு, பெரிய அணைகளில் நீர் தேங்குவதால் தூண்டப்படும் அதிர்வு, வெடி வைப்பதால் வரும் அதிர்வு என்றும் உண்டு. எல்லாமே சீஸ்மோகிராஃபில் கோடாகப் பதிவாகும்.

எவ்வளவு பெரிசு? பதில் இல்லாத கேள்வி

பாசடேனா ஆய்வகத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள் பதிவாகின. லேசாகக் குலுங்கினாலே மக்கள் பதறினார்கள். பத்திரிகைக்காரர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். இது பெரிசா, சின்னதா? இந்த எளிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல அப்போது வழி இல்லை.

அதுவரை இருந்தது மெர்கலி அளவுகோல். இத்தாலியைச் சேர்ந்த பாதிரியார் ஜூசெப்பே மெர்கலியின் பெயரில் வந்தது. ஒரு ஊரில் மக்கள் என்ன உணர்ந்தார்கள், பாத்திரம் விழுந்ததா, சுவர் விரிசல் விட்டதா, வீடு இடிந்ததா என்று பார்த்து 1 முதல் 12 வரை ரோமன் எண்களில் தரம் போடுவார்கள். ரிக்டரின் மேலாளரான ஹாரி வுட்தான், 1931-ல் பிராங்க் நியூமன் என்பவரோடு சேர்ந்து இதை அமெரிக்காவுக்கு ஏற்றபடி திருத்தினார்.

இதில் ஒரு சிக்கல். மெர்கலி கணக்கு, ஓர் இடத்தில் ஏற்பட்ட பாதிப்பைத்தான் சொல்லும். ஒரே நிலநடுக்கத்துக்குப் பக்கத்து ஊரில் ஒன்பது, தூரத்து ஊரில் நாலு என்று வரும். கலிபோர்னியாவில் பாதி அதிர்வுகள் பாலைவனத்திலும் மலையிலும் கடலிலும் வந்தன. அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. அப்போ தரம் போடுவது எப்படி?

ரிக்டர் போட்ட கணக்கு

ரிக்டர் வேறு வழியில் யோசித்தார். மக்களையும் கட்டடங்களையும் விட்டுவிட்டு, கருவி போட்ட கோட்டை மட்டும் அளந்தால் என்ன?

பக்கத்தில் வந்த சின்ன அதிர்வும், தூரத்தில் வந்த பெரிய அதிர்வும் கருவியில் ஒரே உயரக் கோடாகத் தெரியலாம். அதனால் தூரத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தூரம் கண்டுபிடிக்க ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. நிலநடுக்கத்தில் இருந்து முதலில் வருவது வேகமான பி அலை. அதன் பின்னால் மெதுவாக வருவது எஸ் அலை. மின்னல் தெரிந்து எத்தனை விநாடியில் இடி கேட்கிறது என்று பார்த்து இடி விழுந்த தூரத்தைச் சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான். அருகில் வரும் நிலநடுக்கங்களுக்கு, இரண்டு அலைகளுக்கும் நடுவே உள்ள விநாடிகளை சுமார் 8-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும்.

தூரம் கூடக் கூட அதிர்வு எப்படிக் குறைகிறது என்பதைக் கோடு போட்டுப் பார்க்கும் முறையை, ஜப்பான் விஞ்ஞானி கியோ வடாட்டி எழுதிய கட்டுரையில் ரிக்டர் படித்திருந்தார். அதையே கலிபோர்னியா பதிவுகளுக்குச் செய்து பார்த்தார். ஆனா சின்ன அதிர்வுக்கும் பெரிய அதிர்வுக்கும் வித்தியாசம் பல ஆயிரம் மடங்கு இருந்தது. ஒரே தாளில் அடங்கவில்லை. அப்போது கைகொடுத்தவர் பெனோ குட்டன்பெர்க். ஜெர்மனியில் இருந்து 1930-ல் பாசடேனா வந்து சேர்ந்த, உலகின் முன்னணி நிலநடுக்க ஆய்வாளர். மடக்கை, அதாவது லாகரிதம் போட்டுப் பாருங்கள் என்பது அவர் தந்த யோசனை. கணக்கு அழகாக உட்கார்ந்தது.

முடிவு இதுதான். நிலநடுக்க மையத்தில் இருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வுட்-ஆண்டர்சன் கருவியில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கோடு விழுந்தால் அது 3. 10 மில்லிமீட்டர் விழுந்தால் 4. 100 மில்லிமீட்டர் விழுந்தால் 5. அவ்வளவுதான். வேறு தூரத்தில் இருந்தால் அதற்கேற்பத் திருத்திக் கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கு மேக்னிட்யூட் என்று பெயர் வைத்தார்கள். நட்சத்திரங்களின் பிரகாசத்தைச் சொல்ல வானியலாளர்கள் பயன்படுத்தும் சொல் அது. சின்ன வயதில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரிக்டருக்குப் பழகிய சொல். 1935-ல் இந்தக் கணக்கு கட்டுரையாக வெளிவந்தது.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகும் இடம் இருக்கிறது. 5-க்கும் 6-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனா ஒரு எண் கூடினால் அதிர்வின் அளவு 10 மடங்கு கூடுகிறது. வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் கிட்டத்தட்ட 1,000 மடங்கு. 7 என்பது 5-ஐ விடக் கொஞ்சம் பெரிசு இல்லை, ஆயிரம் மடங்கு பெரிசு.

ரிக்டர் அளவுகோல் என்று ஒரு கருவி எங்கும் இல்லை. அது ஒரு கணக்கு மட்டும்தான். ஆனா ஆய்வகத்துக்கு வந்தவர்கள் பலர், அந்த அளவுகோலைக் காட்டுங்க என்று ரிக்டரிடமே கேட்டிருக்கிறார்கள். அதே போல, இந்த அளவுகோல் 10 வரைதான் என்பதும் தவறு. கணக்கில் மேல் வரம்பு எதுவும் கிடையாது. பாறைக்குத் தாங்கும் சக்தி ஓரளவுதான், பிளவின் நீளமும் ஓரளவுதான் என்பதால் 10-ஐத் தொடும் நிலநடுக்கம் பதிவாகவில்லை. இதுவரை பதிவானதில் பெரியது 1960-ல் சிலி நாட்டில் வந்த 9.5.

லாங் பீச்: எண் சொல்லாத பாடம்

கணக்கு இன்னும் அச்சேறாத நேரம். 1933 மார்ச் 10, மாலை 6 மணிக்குச் சற்று முன்பு, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே லாங் பீச் பகுதி குலுங்கியது. அளவு 6.4. சுமார் 120 பேர் உயிரிழந்தனர்.

அன்று ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பாசடேனாவில் இருந்தார். அவரும் குட்டன்பெர்க்கும் கல்லூரி வளாகத்தில் நடந்தபடி நிலநடுக்கங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் காலுக்குக் கீழே நிலம் ஆடியதை இருவரும் கவனிக்கவே இல்லை என்பது கால்டெக்கில் இன்றும் சொல்லப்படும் கதை.

லாங் பீச்சில் நடந்தது சிரிக்கும் விஷயமாக இல்லை. இரும்புக் கம்பி இல்லாமல் வெறும் செங்கல்லால் கட்டப்பட்ட பள்ளிக்கூடங்கள் பல இடிந்து விழுந்திருந்தன. வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் என்பதால் பெரும் உயிரிழப்பு தவிர்ந்தது. இதே நிலநடுக்கம் சில மணி நேரம் முன்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஒரே மாதத்தில், பள்ளிக் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது. ஃபீல்டு சட்டம் என்று அதற்குப் பெயர்.

6.4 என்பது உலகக் கணக்கில் மிகப் பெரிய நிலநடுக்கம் இல்லை. இந்த அளவில் உலகில் ஆண்டுதோறும் பல வருகின்றன. ஆட்களைக் கொன்றது செங்கல் சுவர். ரிக்டர் இதைத் தன் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

உழைப்பு பலருடையது, பெயர் ஒருவருடையது

கணக்கில் வடாட்டியின் முறை இருக்கிறது, வுட் உருவாக்கிய கருவி இருக்கிறது, குட்டன்பெர்க்கின் யோசனை இருக்கிறது. ஆனா பெயர் மட்டும் ரிக்டருக்கு.

காரணம் எளிது. குட்டன்பெர்க்குக்குப் பத்திரிகைக்காரர்களோடு பேசப் பிடிக்காது. ரிக்டருக்கு அது பிடிக்கும். எந்த நேரத்தில் போன் வந்தாலும் பொறுமையாக விளக்கம் சொல்வார். செய்தியில் அவர் பெயரே திரும்பத் திரும்ப வந்தது. அளவுகோலுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. குட்டன்பெர்க்கின் பங்கு இதில் மறைந்துபோனது நியாயம் இல்லை என்பதை ரிக்டரும் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இருவரும் சேர்ந்து செய்தது இன்னும் நிறைய. தெற்கு கலிபோர்னியாவுக்கு மட்டும் பொருந்திய கணக்கை உலகம் முழுக்கப் பயன்படும்படி விரிவாக்கினார்கள். உலக நிலநடுக்கங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார்கள். ஓர் அளவில் எத்தனை நிலநடுக்கம் வருகிறதோ, அதற்கு ஒரு எண் குறைந்த அளவில் சுமார் 10 மடங்கு வருகிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். 7-க்கு மேல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 15 வந்தால், 6-க்கு மேல் நூற்றுக்கும் அதிகமாக வரும். இன்றைக்கும் நிலநடுக்க ஆபத்தைக் கணக்கிட இந்த விதிதான் அடிப்படை.

வீட்டு ஹாலில் ஒரு சீஸ்மோகிராஃப்

ரிக்டர் கொஞ்சம் வித்தியாசமான மனிதர். 1928-ல் லில்லியன் பிராண்ட் என்பவரைத் திருமணம் செய்தார். லில்லியன், கதை கவிதை எழுதக் கற்றுத்தரும் ஆசிரியை. குழந்தைகள் இல்லை. ரிக்டரும் கட்டுக்கட்டாகக் கவிதை எழுதி வைத்திருந்தார். தனியாக மலை ஏறப் போவார். ஆடையில்லாமல் இயற்கையோடு வாழும் முகாம்களுக்குத் தம்பதியாகப் போவார்கள். ஸ்டார் டிரெக் டிவி தொடரின் தீவிர ரசிகர். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு ஹாலிலேயே ஒரு சீஸ்மோகிராஃப் வைத்திருந்தார். ராத்திரியில் அதிர்வு வந்தால் ஆய்வகத்துக்கு ஓடாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாமே!

1970-ல் ஓய்வு பெற்றார். ஆனா ஓய்வாக இருக்கவில்லை. கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ஆலோசனை சொல்லும் வேலையில் இறங்கினார்.

அடுத்த ஆண்டே, 1971 பிப்ரவரி 9 காலை 6 மணியளவில், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சான் ஃபெர்னாண்டோ பகுதியில் 6.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது ஒரே இடத்தில், பழைய மருத்துவமனைக் கட்டடம் இடிந்து விழுந்ததில். ஓர் அணை கிட்டத்தட்ட உடையும் நிலைக்குப் போனதால், அதற்குக் கீழே வசித்த சுமார் 80,000 பேர் வீடுகளில் இருந்து வெளியேற்றப்பட்டனர். லாங் பீச்சில் பள்ளிக்கூடம், இங்கே மருத்துவமனை. பாடம் ஒன்றுதான். நிலப்பிளவின் மேலேயே வீடு கட்டக் கூடாது என்ற சட்டம் இதற்குப் பிறகு 1972-ல் வந்தது. 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், பழைய செங்கல் கட்டடங்களைப் பலப்படுத்து, இல்லை இடித்துவிடு என்று உத்தரவு போட்டது.

ஜோசியம் சொல்பவர்கள் மீது கோபம்

ரிக்டருக்குப் பொதுவாகக் கோபம் வர வைக்கும் விஷயம் ஒன்று இருந்தது. இந்தத் தேதியில் இந்த ஊரில் நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்பவர்கள். ஆண்டுதோறும் அவருக்கு இப்படிக் கடிதங்கள் வரும். விளம்பரம் தேடுபவர்கள் என்றே அவர் அவர்களை நினைத்தார்.

1975-ல் சீனாவின் ஹைச்செங் நகரில் முன்னெச்சரிக்கை தந்து மக்களை வெளியேற்றி, பலரைக் காப்பாற்றினார்கள். சின்ன அதிர்வுகள் தொடர்ந்து வந்ததை வைத்து எடுத்த முடிவு அது. இனி எல்லாவற்றையும் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை கிளம்பியது. அடுத்த ஆண்டே, 1976 ஜூலையில், அதே சீனாவின் டாங்ஷான் நகரில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்த நிலநடுக்கத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர்.

எந்த நாளில், எந்த இடத்தில், எந்த அளவில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் முறை இன்றுவரை இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு தகவல் வந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. எப்போது வரும் என்று தேடுவதை விட, வரும்போது வீடு நிற்குமா என்று பார்ப்பதே உயிரைக் காக்கும் என்பது ரிக்டரின் நிலைப்பாடு.

கணக்கு எங்கே தடுமாறியது?

ரிக்டரின் அசல் கணக்கு குறிப்பிட்ட ஒரு கருவிக்கும், பக்கத்தில் வரும் நடுத்தர நிலநடுக்கங்களுக்கும் போடப்பட்டது. 7-ஐத் தாண்டினால் அது தடுமாறும். நிலநடுக்கம் எவ்வளவுதான் பெரிதானாலும் எண் அதற்கு ஏற்றபடி ஏறாது. சின்ன தராசில் லாரியை நிறுத்த முயல்வது மாதிரி.

இதைச் சரிசெய்தவர்களும் அதே கால்டெக் ஆய்வகத்தோடு தொடர்புடையவர்கள்தான். 1970-களின் கடைசியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்க்ஸும் மொமன்ட் மேக்னிட்யூட் என்ற புதிய அளவைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு பரப்பளவுள்ள பாறை, எவ்வளவு தூரம் நகர்ந்தது, அந்தப் பாறை எவ்வளவு உறுதியானது என்ற மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு இது. ரிக்டரின் எண்களோடு பொருந்தும்படி வடிவமைத்ததால், பழைய 6-ம் புதிய 6-ம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று செய்தியில் வரும் பெரிய நிலநடுக்க எண்கள் இந்தப் புதிய கணக்கில் வருபவை. பழக்கத்தில் ரிக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரியாக அளப்பது எவ்வளவு முக்கியம் என்பது தமிழகக் கடற்கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் நிலம் பிளந்தபோது, பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் வெளியிட்ட முதல் எண் 8.0. பிறகு 8.5 என்று திருத்தப்பட்டது. 9 அளவு என்று தெரிய வர இன்னும் பல மணி நேரம் ஆனது. பிளவு 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்ததால் உடனடிக் கணக்குக்குள் அது அடங்கவில்லை. 8.0-க்கும் 9.1-க்கும் ஆற்றலில் 40 மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பும் இல்லை. அதற்குப் பிறகுதான், 2007-ல், ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

கடைசி நாட்கள்

லில்லியன் 1972-ல் இறந்தார். அதற்குப் பிறகு ரிக்டர் பாசடேனா பகுதியிலேயே தனியாக வாழ்ந்தார்.

1985 செப்டம்பர் 19-ல் மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையில் 8 அளவில் பெரும் நிலநடுக்கம் வந்தது. மையத்தில் இருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மெக்சிகோ சிட்டியில்தான் கட்டடங்கள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அந்த நகரின் பெரும் பகுதி, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த சேற்று நிலத்தின் மேல் நிற்கிறது. பாறையில் வந்த அதிர்வை அந்தச் சேறு பல மடங்கு பெருக்கியது. தூரத்தில் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் எப்போதும் உண்மை இல்லை என்று உலகம் தெரிந்துகொண்டது.

அது நடந்து 11 நாட்களில், 1985 செப்டம்பர் 30-ம் தேதி, இதயம் செயலிழந்து ரிக்டர் காலமானார். வயது 85.

அவர் சேர்த்து வைத்த தனிப்பட்ட காகிதங்கள், பழைய பொருட்கள் உறவினர் வீட்டில் இருந்தன. 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது கிளம்பிய தீயில் அந்த வீடு எரிந்துபோனது. ரிக்டரின் வாழ்க்கைச் சான்றுகளில் ஒரு பகுதியை நிலநடுக்கமே எடுத்துக்கொண்டது.

அடுத்த முறை எண்ணைப் பார்க்கும்போது

ரிக்டர் இறந்து சரியாக 8 ஆண்டுகள் கழித்து, 1993 செப்டம்பர் 30 அதிகாலை 4 மணிக்கு முன்பு, மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டம் கில்லாரி பகுதி குலுங்கியது. அளவு 6.2. லாங் பீச்சை விடக் குறைவு. ஆனா இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டி, மேலே கனமான மண் கூரை போட்ட வீடுகள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

லாங் பீச்சில் 6.4-க்கு 120 பேர். கில்லாரியில் 6.2-க்கு 10,000 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியவே புரியாது.

அதனால் நிலநடுக்கச் செய்தி வரும்போது எண்ணோடு சேர்த்து நாலு விஷயம் கவனிக்கலாம். ஆழம் எவ்வளவு? 10 கிலோமீட்டர் ஆழத்தில் வந்தது, 200 கிலோமீட்டர் ஆழத்தில் வந்ததை விட மேலே அதிகமாகக் குலுக்கும். மக்கள் வசிக்கும் இடம் எவ்வளவு பக்கம்? நிலம் பாறையா, சேறா, மணலா? வீடுகள் எதனால் கட்டப்பட்டவை? இதில் முதல் மூன்றும் மனிதன் கையில் இல்லை. நாலாவது இருக்கிறது. வீடு கட்டும்போது நிலநடுக்க மண்டலத்துக்கு ஏற்ற கம்பியும் பிணைப்பும் இருக்கிறதா என்று இன்ஜினியரிடம் கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை. சென்னையும் 2002-ல் இரண்டாவது மண்டலத்தில் இருந்து மிதமான ஆபத்துள்ள மூன்றாவது மண்டலத்துக்கு மாற்றப்பட்ட நகரம்தான்.